கூழில் நீந்துபவை

அகிலாண்டேஸ்வரி பயந்த சுபாவக்காரி என்று அவள் கணவர் அழகேசன் எல்லோரிடமும் சொல்வார். அதில் பொய்யில்லை. டொரண்டோவுக்கு வந்து மூன்று வருடம் ஆன பிறகும், சுரங்க ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டில் கால் வைக்குமுன் ஒரு நொடி நின்றுவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் அவள்மேல் இடித்துக்கொள்வார்கள். வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் நெஞ்சு திக்கென்றுவிடும். ஆனால் கிருமிகளைக் கண்டு மட்டும் அவள் பயந்ததில்லை. கரூரில் பிறந்து, திருச்சியில் விலங்கியல் படித்து, சென்னையில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருடம் சளியும் ரத்தமும் பார்த்துக் கைதேர்ந்தவள். கண்ணாடித் தகட்டில் கிடப்பவை வாய் திறந்து கேள்வி கேட்பதில்லை என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

1975 ஜூன் மாதம் நகரத்தின் நடுவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பேராசிரியர் பிராடி என்பவர் அதற்குத் தலைவர். ஐம்பத்தைந்து வயது, மெல்லிய குரல், சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். நேர்முகத்தில் எல்லாம் கேட்டு முடித்து எழுந்திருக்கும்போது, போகிறபோக்கில் ஒன்று கேட்டார்.

“குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் ஏதாவது உண்டா? இந்த வேலைக்கு அது சரிப்படாது.”

“இல்லை” என்றாள். அதற்கு முன்பே இரண்டு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவளும் அழகேசனும் இருந்த சமயம். அன்றைக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை.

அங்கே அவர்கள் ஆராய்ந்தது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எப்படி நீந்துகின்றன என்பதை. சாதாரணக் கிருமிகள் வாலைச் சுழற்றிக்கொண்டு தண்ணீரில் ஓடும். தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் தளரும். இன்னும் கெட்டியாக்கினால் நின்ற இடத்திலேயே கிடந்து துடிக்கும். நம்மைப் பாகில் இறக்கிவிட்டால் நாமும் அப்படித்தான் ஆவோம். ஆனால் லெப்டோஸ்பைரா என்று ஒரு கிருமி உண்டு. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்கிறார்களே, அதைக் கொண்டுவருவது. முறுக்கிய வெள்ளி இழை மாதிரி இருக்கும். இரண்டு முனையும் கொக்கியாக வளைந்திருக்கும். தண்ணீரில் விட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், எங்கேயும் போகாது. திரவத்தைக் கெட்டியாக்க ஆக்கத்தான் அதற்குப் பிடிமானம் கிடைக்கும். மரத்தில் திருகாணி இறங்குவதுபோலத் துளைத்துக்கொண்டு நேரே போகும். மற்றவை நிற்கும் இடத்தில் இது ஓடும்.

அந்தக் கெட்டித் திரவத்தைத் தயாரிப்பது அகிலாவின் வேலை. வெள்ளைப் பொடி ஒன்றைக் கொதிக்கும் நீரில் தூவிக் கலக்கிக் குளிரில் வைத்தால் ஆறி வரும்போது வழவழவென்று இறுகும். மனதுக்குள் அதற்குக் கூழ் என்று பெயர் வைத்திருந்தாள். தண்ணீர்ப் பதத்திலிருந்து கையில் வழியாத பதம் வரை பதினைந்து பதங்களில் கூழ் செய்து, ஒவ்வொன்றிலும் கிருமியைக் கலந்து, மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியில் கீறியிருந்த அளவுகோலை அது கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பாள். எட்டு மாதத்தில் நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. அவள் எண்களைப் பேராசிரியர் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை.

அதுவரை அவர்கள் வளர்த்தது குட்டைத் தண்ணீரில் வாழும் சாதுவான இனம். மனிதரை ஒன்றும் செய்யாது. ஜனவரியில் நோய் தரும் இனமும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே மாதிரி நீந்துகின்றனவா என்று பேராசிரியர் பார்க்க விரும்பினார். மைக்ரோஸ்கோப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் சாதுவான குழாய்களுக்கு நீல ஒட்டுத்தாள், மற்றதற்குச் சிவப்பு.

அதே ஜனவரியில் அகிலா மூன்றாம் முறையாகக் கர்ப்பம் தரித்திருப்பது உறுதியானது. அழகேசனுக்கு மட்டும் சொன்னாள். மூன்று மாதம் தாண்டட்டும், அப்புறம் பேராசிரியரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினாள். மார்ச்சில் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, புதன்கிழமை. பேராசிரியரைத் தவிர மற்றவர்கள் மேல்மாடியில் ஒரு சொற்பொழிவுக்குப் போயிருந்தார்கள். அகிலா தனியாக மேசையில் இருந்தாள். அந்தக் காலத்தில் பிப்பெட் என்னும் மெல்லிய கண்ணாடிக் குழலை வாயில் வைத்து உறிஞ்சித்தான் திரவத்தை அளப்பார்கள். எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். வாய்ப்பக்க முனையில் கொஞ்சம் பஞ்சு அடைத்துவைப்பார்கள். பஞ்சு இருந்தால் கூழ் மேலே ஏறாது என்பதால் கெட்டிப் பதங்களுக்கு மட்டும் அகிலா பஞ்சில்லாத பிப்பெட்டை எடுப்பாள். அன்று எடுத்தது பன்னிரண்டாம் பதம். குழாயில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. உறிஞ்சினாள், கூழ் நத்தையாக ஏறியது. கன்னம் குழிய இன்னும் பலமாக இழுத்தாள். பிப்பெட்டின் அடிமுனை திரவத்தை விட்டு மேலே வந்துவிட்டதை அவள் பார்க்கவில்லை. காற்று புகுந்தது. அதுவரை நகர மறுத்த கூழ் முழுவதும் ஒரே பாய்ச்சலில் வாய்க்குள் வந்து விழுந்தது.

ருசியே இல்லை. நாக்கில் வழவழவென்று ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

தொட்டிக்கு ஓடித் துப்பினாள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தாள். மேசை துடைக்கும் ஆல்கஹாலை வாயில் ஊற்றி, கண்ணில் நீர் வழியும்வரை வைத்திருந்து துப்பினாள். வெள்ளைத் தொட்டியில் விழுந்த எச்சிலில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. கர்ப்பம் தரித்ததிலிருந்து பல் துலக்கும்போதெல்லாம் ஈறு கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. கிருமி உள்ளே போக வாசல் திறந்தே கிடக்கிறது.

திரும்பி வந்து குழாயைப் பார்த்தாள். ஒட்டுத்தாள் இல்லை. ஈரத்தில் கழன்று விழுந்திருந்தது. மேசைமேல் நீலத்தாள் ஒன்றும் சிவப்புத்தாள் ஒன்றும் நனைந்து கிடந்தன. தட்டில் பெயரில்லாத குழாய்கள் இரண்டு. தான் எடுத்தது எந்தக் குழாய் என்பது தெரியும். அது எந்த நிறத்துக் குழாய் என்பது தெரியவில்லை. காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து பார்த்தாள். நினைவு அந்த இடத்தில் மட்டும் வெறுமையாக இருந்தது.

பேராசிரியரின் அறைக் கதவுவரை போனாள். தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே அவர் தொலைபேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இப்போது சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்; ஈறு ஏன் கசிகிறது என்று தொடங்கி, ஜூன் மாதம் சொன்ன ‘இல்லை’ வரை. தூக்கிய கை கீழே இறங்கியது. வந்த வழியே திரும்பினாள்.

ஒரு காரியம் மட்டும் செய்தாள். சாதுவான இனம் குளிரிலும் பெருகும்; நோய் தரும் இனம் குளிரில் பெருகாது. அந்தக் குழாயில் மிஞ்சியிருந்த சொட்டுகளைப் புதிய வளர்ப்புத் திரவத்தில் கலந்து, பதின்மூன்று டிகிரியில் இருக்கும் குளிர் அலமாரியின் கடைசித் தட்டில், மற்றக் குழாய்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பெருகினால் பிழைத்தோம்.

புத்தகத்தில் பார்த்தாள். நோய் தெரிய ஏழு முதல் பன்னிரண்டு நாள் ஆகலாம் என்று போட்டிருந்தது. அடுத்த பத்தியில் கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பாதி படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

அன்று மாலை குயீன் தெருவில் ஓடும் டிராமில், ஸ்ட்ரீட்காரில், பார்க்டேலில் இருந்த வீட்டுக்குத் திரும்பும்போது உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி ஓரமாகக் குவிந்து கிடந்தது. வாயைத் தண்ணீரால் கழுவியாகிவிட்டது, தண்ணீரில் அவற்றால் நகர முடியாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஆனால் உடம்புக்குள் எங்கே இருக்கிறது தண்ணீர்? எச்சில் கெட்டி. சளி கெட்டி. தோலுக்கும் தசைக்கும் நடுவில் நிரம்பியிருப்பது கூழ்தான். எந்தப் பதத்தில் எத்தனை வேகம் என்று எட்டு மாதமாக எண் எண்ணாக எழுதியவள் அவள். வேறு யாருக்கும் தெரியாத கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அவை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று மனம் தானாகவே பெருக்கிப் பார்த்தது. நிறுத்த முடியவில்லை.

அழகேசன் இயந்திரப் பொறியியல் படித்தவர். பிராம்ப்டனில் ஒரு கிடங்கிலிருந்து லாரிகளை அனுப்பிவைக்கும் வேலையில் இருந்தார். வீடு திரும்ப ஏழு மணியாகும். அன்று வந்ததும் அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஏன் ஒரு மாதிரியா இருக்கே? குமட்டலா?”

“ஆமாங்க. கொஞ்சம்.”

“படுத்துக்கோ. நான் ரசம் வெக்கிறேன்.”

அவருடைய டம்ளரில் வாய் வைக்காமல் தன் டம்ளரைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை. சொல்லிவிட்டால் நடந்தது நடந்ததாகிவிடும். சொல்லாதவரை அது அந்த மேசையோடு நின்றுவிடலாம். இப்படி ஒரு முட்டாள்தனமான நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்தினாள்.

தினமும் காலையில் முதல் வேலையாகக் கண்ணாடியில் கண் வெள்ளையைப் பார்த்தாள். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள். ஸ்ட்ரீட்காரில் நின்றதால் கால் வலித்தால்கூட அதுதானோ என்று நினைத்தாள். நாலாம் நாள் தொண்டை கரகரத்தது, மறுநாள் சரியானது. ஆராய்ச்சிக்கூடத்தில் யாரும் பார்க்காத நேரம் குளிர் அலமாரியைத் திறந்து ஒளித்துவைத்த குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்ப்பாள். ஆறாம் நாள் ஒரு பார்வைக்கு இரண்டோ மூன்றோ இழைகள். எட்டாம் நாளும் அவ்வளவுதான். குளிரில் மெதுவாகத்தான் வளரும், இன்னும் நாள் ஆகும் என்று சமாதானம் செய்துகொண்டாள். ஆனால் பக்கத்தில் இருந்த நீலத்தாள் குழாய்கள் அதே குளிரில் லேசாகக் கலங்கத் தொடங்கியிருந்தன. அவளுடையது மட்டும் தெளிவாகவே நின்றது.

ஒன்பதாம் நாள் பேராசிரியர் அவள் மேசையருகில் நின்று, “உங்கள் விநாடிகள் இந்த வாரம் ஒழுங்காக இல்லை. உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்.

“குளிர்தான்” என்றாள்.

பத்தாம் நாள், சனிக்கிழமை காலை, படுக்கையிலிருந்து எழுந்து கால் ஊன்றியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கெண்டைக்காலில் யாரோ கம்பியை முறுக்குவதுபோல் இருந்தது. தலை வெடித்தது. பல் கிட்டித்து உடம்பு தூக்கிப் போட்டது. அழகேசன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

“அனலா கொதிக்குது. ஃப்ளூதான். எங்க கிடங்குல பாதிப் பேர் லீவு.”

சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தாள், அழுகைதான் வந்தது. அவர் பயந்துபோய், கீழ்மாடியில் இருந்த சாந்தாவைக் கூட்டிவர ஓடினார். சாந்தா யாழ்ப்பாணத்துக்காரி, நாற்பத்தைந்து வயது. இலங்கையில் மருத்துவமனைத் தாதியாக இருந்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கம்பளிச் செருப்போடு மேலே வந்து, அகிலாவின் இமையை இழுத்துப் பார்த்தாள்.

“கண் உப்பிடிச் சிவந்து கிடக்கு. அழுததாலயோ?”

“காலையிலேயே சிவந்திருந்துதுங்க” என்றார் அழகேசன்.

சாந்தா போர்வையை விலக்கிக் கெண்டைக்காலை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினாள். அகிலா அலறினாள்.

“உது ஃப்ளூ எண்டு ஆர் சொன்னது?” சாந்தா கட்டிலில் உட்கார்ந்தாள். “அகிலா, இஞ்ச பாரும். நீர் எலியோட வேலை செய்யிறனீரோ?”

“எலி இல்லக்கா. கிருமி.”

“என்ன கிருமி?”

அகிலா சொன்னாள். கூழ் வாய்க்குள் வந்ததையும் சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல் தேதி, நேரம், கழன்று விழுந்த ஒட்டுத்தாள், குளிர் அலமாரி எல்லாவற்றையும் சொன்னாள். அழகேசன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பத்து நாளா?” என்றார். “பத்து நாளா என்கிட்ட சொல்லலையா?”

“சொன்னா நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சுங்க.”

“தம்பி, உதைப் பிறகு கதைக்கலாம்” என்றாள் சாந்தா. “இரத்தினபுரி ஆசுப்பத்திரியில நான் ரெண்டு வருசம் நிண்டனான். வயல்ல வேலை செய்யிற சனம் இந்தக் கண்ணோடயும் இந்தக் காலோடயும்தான் வரும். நேரத்தோட வந்தவை பிழைச்சவை. பிந்தி வந்தவை மஞ்சளாப் போய், சலம் போகாமல்...” சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “காரை எடும். நானும் வாறன்.”

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். நாற்காலி நாற்காலியாக நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வந்த மருத்துவர் மிகவும் இளையவர். கண்ணைச் சுற்றிக் கருவளையம். காய்ச்சலைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், கர்ப்பம் எத்தனை வாரம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

“இந்த வாரம் மட்டும் இதே மாதிரி நாற்பது பேரைப் பார்த்துவிட்டேன். ஃப்ளூ. வீட்டுக்குப் போய்ப் படுத்து நிறையத் தண்ணீர் குடியுங்கள்.”

அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அந்த நிமிடத்தில் அகிலாவுக்கு ஒரு கேவலமான நிம்மதி வந்தது. மருத்துவரே சொல்லிவிட்டார், இனி யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. சாந்தா அவள் தோளை அழுத்தினாள்.

“நான் சொன்னால் உவர் கேளார். நீர் சொல்லும்.”

வயிற்றில் கைவைத்துக்கொண்டாள். முன்பு இரண்டு முறை ரத்தம் கண்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. அப்போது செய்வதற்கு எதுவுமே இருக்கவில்லை. இப்போது இருந்தது.

“டாக்டர்” என்றாள். “இது லெப்டோஸ்பைரா. பத்து நாள் முன்னால் பரிசோதனைக்கூடத்தில் என் வாய்க்குள் போனது. கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். பென்சிலின் கொடுப்பதற்கு முன்னால் ரத்தம் எடுங்கள். பிறகு எடுத்தால் வளராது. கிருமியின் பெயரை எழுத்து எழுத்தாக நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.”

மருத்துவர் நின்றார். அந்த நோயைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். “உங்கள் பேராசிரியரின் பெயர் என்ன?” என்று கேட்டு, சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்தார். காய்ச்சலைவிட அந்தத் தொலைபேசி அவளை அதிகம் நடுங்க வைத்தது. மருத்துவர் பேசுவதைக் கேட்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. “ஆம், கர்ப்பமாக இருக்கிறார்... பன்னிரண்டு, பதின்மூன்று வாரம்...” என்பது கேட்டது.

ஒரு மணி நேரத்தில் பேராசிரியர் பிராடி வந்துவிட்டார். கோட்டுக்கு அடியில் வீட்டுச் சட்டை. பொத்தான் மாறிப் போட்டிருந்தது. கையில் வளர்ப்புத் திரவக் குழாய்கள் ஒரு பெட்டியில். ரத்தத்தின் முதல் சொட்டுகளைத் தன் கையாலேயே குழாய்களில் விட்டார். கட்டில் பக்கம் வந்தபோது அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

“எந்தக் குழாய்?”

“தெரியாது, சார். குளிர் அலமாரியில் வைத்தேன். பெருகவில்லை.”

அவருக்கு அர்த்தம் புரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே மருந்து கொடுத்திருப்போமே.”

“குழந்தை வேண்டாம் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன், சார்.”

அவர் தன் கைகளைப் பார்த்தார். “நான் கேட்டிருக்கவே கூடாது” என்றார்.

பென்சிலின் முதல் ஊசி மூன்று மணிக்குப் போட்டார்கள். இனிப் பயமில்லை என்று அழகேசன் சொல்லி வாய் மூடவில்லை. ஐந்து மணிக்குமேல் அவள் உடம்பு கட்டிலே அதிரும்படி நடுங்கத் தொடங்கியது. காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. ரத்த அழுத்தம் இறங்கியது. செவிலியர்கள் ஓடி வந்தார்கள். இளைய மருத்துவர் அட்டவணையைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதை அகிலா பார்த்தாள். செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு தெளிவு இருந்தது; அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அழகேசனின் விரல்களை எலும்பு நோகப் பிடித்தாள்.

“குழந்தைக்கு என்னன்னு கேளுங்க. என்னைப் பத்தி வேண்டாம், குழந்தையைப் பத்திக் கேளுங்க.”

வயதான மருத்துவர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு, மருந்து பட்டதும் கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது இப்படி ஆவதுண்டு, சில மணி நேரத்தில் இறங்கும், ஊசியை நிறுத்தாதீர்கள் என்றார். அவர் சொன்னபடியே இறங்கியது. ஆனால் அந்தச் சில மணி நேரமும் அழகேசன் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். சாந்தா ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள்.

மறுநாள் காலை ஒரு செவிலி சிறிய கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். அகிலாவின் அடிவயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியின் முனையை அதன்மேல் நகர்த்தினாள். இரைச்சல் மட்டும் கேட்டது. இடம் மாற்றினாள். இரைச்சல். இன்னும் கீழே நகர்த்தினாள். செவிலியின் முகத்தில் சிரிப்பு மெல்ல மறைவதை அகிலா பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கருவியைத் தூக்கப்போனவள் மனம் மாறி இன்னொரு முறை பக்கவாட்டில் சாய்த்து அழுத்தினாள். இரைச்சலுக்கு அடியிலிருந்து குதிரை ஓடுவதுபோல் ஒரு துடிப்பு வந்தது.

“இது உங்கள் இதயத் துடிப்பு இல்லை, அதற்கு இவ்வளவு வேகம் இருக்காது” என்றாள் செவிலி.

அழகேசன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

பதினான்கு நாள் மருத்துவமனையில் இருந்தாள். கண்ணில் லேசாக மஞ்சள் ஏறி இறங்கியது. சிறுநீரை ஒவ்வொரு வேளையும் அளந்தார்கள். ஒருநாள் குறைந்தது, மறுநாள் கூடியது. வீடு திரும்பியபோது புடவையை இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.

ஏப்ரலில் பேராசிரியர் கூப்பிட்டார் என்று போனாள். அவளுடைய ரத்தத்தை விட்ட குழாய்களில் இரண்டில் கிருமி வளர்ந்திருந்தது. சிவப்புத்தாள் இனம்தான். மைக்ரோஸ்கோப்பைத் தயாராக வைத்திருந்தார். அவள் குனிந்து பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளி இழைகள், நடுவே கெட்டிக் கூழ். பழைய குழாய்களில் பார்த்ததைவிட வேகமாக, தயக்கமே இல்லாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. தன் ரத்தத்தில் இப்படித்தான் போயிருக்கின்றன. முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“புதிதாக எடுத்த இனத்துக்கு நோயாளியின் பெயரை வைப்பது வழக்கம்” என்றார் பேராசிரியர் தயங்கி. “உங்களுக்குச் சம்மதம் என்றால்.”

“வேண்டாம், சார்” என்றாள். வாழ்க்கையில் அவ்வளவு சட்டென்று அவள் யாருக்கும் மறுப்புச் சொன்னதில்லை. “என் பெயர் வேண்டாம்.”

அவர் ஓர் எண்ணை எழுதி ஒட்டினார். பிரசவத்துக்குப் பிறகு அவள் வரும்வரை வேலை காலியாகவே இருக்கும் என்றும், அதை எழுத்திலேயே தருவதாகவும் சொன்னார். அந்தக் கூடத்தில் பிப்பெட்டை வாயில் வைக்கக்கூடாது என்று ஏற்கனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது. கெட்டிக் கூழை இனிப் பெரிய ஊசிக்குழலில் இழுக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது, ஐந்தரைப் பவுண்டு. சியாமளா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை துணியை விலக்கியபோது குழந்தையின் நெஞ்சு மஞ்சளாக இருந்தது. அகிலா கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, தையல் இழுக்க இழுக்க நடைவழியில் நடந்துபோய் முதலில் கண்ணில் பட்ட மருத்துவரை நிறுத்தினாள். பிப்ரவரியில் நடந்ததைத் தேதியோடு, கிருமியின் பெயரோடு, ஊசியின் அளவோடு, மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார். குழந்தையின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பச்சைக் குழந்தைகளுக்கு வரும் சாதாரண மஞ்சள்தான் என்றார்கள். இரண்டு நாள் நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். அந்த இரண்டு நாளும் அவள் கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தூங்கு என்று அழகேசன் சொன்னதைக் கேட்கவில்லை.

சியாமளாவுக்கு ஏழு மாதம் ஆனபோது அகிலா வேலைக்குத் திரும்பினாள். பகலில் குழந்தையைச் சாந்தா பார்த்துக்கொண்டாள். பயந்த சுபாவம் அவளை விட்டுப் போகவில்லை. நகரும் படிக்கட்டில் இன்னும் தயங்கினாள். குழந்தைக்கு உடம்பு கொஞ்சம் சுட்டாலும் முதலில் அதன் காலைத்தான் அழுத்திப் பார்ப்பாள். ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு குழாய் சிந்தினாலும், ஒரு கண்ணாடித்தகடு கீறினாலும், கையைக் கழுவிவிட்டு நேரே பேராசிரியரின் கதவைத் தட்டிவிடுவாள். தட்டும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.